இந்த இருட்டு கேமராவுடையதா, டிஸ்க்குடையதா? – ஃபவுண்ட் ஃபுட்டேஜ் பேய்ப்பட டிஸ்க்குகளுக்கு விமர்சனம் எழுத வருபவர்களுக்கு

நான் முதன்முதலில் எழுதிய டிஸ்க் விமர்சனம் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தின் ப்ளூ-ரே பற்றியது. படம் மங்கல், நிறம் வெளிறல், பாதி கறுப்பு வெள்ளை, திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, இதற்கா இவ்வளவு காசு என்று பொரிந்து தள்ளியிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு வாசகர் ஒரே வரியில் மடல் போட்டார்: "தம்பி, காட்டில் வழி தவறிய மாணவர்கள் கையில் வேறு என்ன கேமரா இருக்கும் என்று நினைத்தீர்கள்?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த டிஸ்க்கில் உண்மையிலேயே ஒரு குறை இருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் திட்டிய எதுவும் அந்தக் குறை இல்லை. எல்லாவற்றையும் திட்டியதில் உண்மையான குறை கண்ணில் படாமல் போய்விட்டது.

இந்த வகைப் படங்களின் டிஸ்க்கைப் பற்றி எழுதுவதில் உள்ள சிக்கலே இதுதான். கதையில் வரும் ஆளே கேமராவைப் பிடித்திருக்கிறார், அவர் விட்டுச்சென்ற பதிவு பின்னால் யாருக்கோ கிடைத்தது என்பது ஃபவுண்ட் ஃபுட்டேஜின் பாவனை. அதனால் படம் ஆடும், மங்கும், ஒலி கரகரக்கும். அதெல்லாம் வேண்டுமென்றே வைத்தது. அந்த அழுக்குக்கு மேல் டிஸ்க் தயாரித்தவர் தன் பங்குக்கு ஏதாவது அழுக்கைச் சேர்த்தாரா, அல்லது இருந்த அழுக்கைத் துடைத்துத் தொலைத்தாரா என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் நம் வேலை.

டிஸ்க்கைப் போடுவதற்கு முன்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேமராவில் எடுத்தார்கள், பிலிமா நாடாவா மெமரி கார்டா, வினாடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலியை எதில் பதிந்தார்கள், அங்கிருந்து தியேட்டர் திரை வரை எந்த வழியாகப் போனது என்று ஐந்து கேள்வி எழுதுங்கள். படம் பார்ப்பதற்கு முன்பே இவற்றுக்குப் பதில் தேடிவிடுங்கள். கதை தெரிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். தயாரிப்பு விவரங்களை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

பிளேர் விட்ச்சையே எடுத்துக்கொள்வோம். டேனியல் மைரிக், எட்வர்டோ சாஞ்செஸ் இருவரும் இயக்கியது. 1997 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெரும்பகுதி செனெகா க்ரீக் என்ற பூங்காக் காட்டில், சுமார் எட்டு நாளில் எடுத்து முடித்தார்கள். கேமராவைப் பிடித்தவர்கள் நடிகர்களேதான். கையில் இருந்தவை இரண்டு: நிறப் படத்துக்கு ஹை-8 என்ற சின்ன வீடியோ நாடா போடும் ஹேண்டிகேம், கறுப்பு வெள்ளைக்கு சிபி-16 என்ற 16 மி.மீ. பிலிம் கேமரா. பிலிம் கேமராவுக்கான ஒலியைத் தனியாக டேட் (DAT) என்ற டிஜிட்டல் ஒலிநாடா ரெக்கார்டரில் பதிந்தார்கள். சுமார் இருபது மணி நேரப் பதிவை 81 நிமிடமாக வெட்டினார்கள். 1999-ல் வெளியானபோது உலகம் முழுக்க ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் டாலர் வசூல்.

இப்போது அந்த ஐந்தாவது கேள்விக்கு வாருங்கள். அமெரிக்க வீடியோ நாடா வினாடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம். அந்த ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பதிவாகும். தியேட்டர் பிலிமோ வினாடிக்கு 24. அன்றைய தியேட்டரில் ஓட வேண்டுமென்றால் வீடியோவையும் 35 மி.மீ. பிலிமுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றும்போது வீடியோவுக்கே உரிய அந்த வழுக்கலான அசைவு போய்விடுகிறது, மணல் தூவியது மாதிரித் தெரியும் பிலிமின் துகள் (கிரெயின்) மேலே ஒட்டிக்கொள்கிறது. 2010-ல் வந்த ப்ளூ-ரே இந்த 35 மி.மீ. வழியாக வந்த படத்தைத்தான் கொடுத்தது. அப்படியானால் ஹேண்டிகேம் காட்சிகள் ஹேண்டிகேம் மாதிரியே தெரியாது. நான் தவறவிட்ட குறை இதுதான். 2024-ல் பிரிட்டனின் செகண்ட் சைட் நிறுவனம் மூல வீடியோ நாடாவுக்கும் 16 மி.மீ. பிலிமுக்கும் திரும்பப் போய், இயக்குநர்களின் மேற்பார்வையில் புதிதாகச் செய்த பதிப்பை வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அந்தக் காலத்து ஹேண்டிகேம் எடுத்தது 4:3 சட்டகம். இன்றைய அகல டிவியில் அது பட்டையோடுதான் தெரிய வேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுக்க நிறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கேமரா எது என்று தெரியாமல் எழுதினால் எதிர்ப்பக்கமும் சறுக்கும். 'க்ளோவர்ஃபீல்ட்' படமும் ஹேண்டிகேம் பதிவு என்றுதான் கதையில் சொல்கிறது. ஆனால் அதில் கணிசமான பகுதியை சோனி எஃப்23, தாம்ஸன் வைப்பர் மாதிரியான விலையுயர்ந்த டிஜிட்டல் கேமராக்களில் எடுத்திருக்கிறார்கள். அங்கே இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் 'ஹேண்டிகேம்தானே' என்று மன்னித்துவிடாதீர்கள். 1980-ல் வந்த இத்தாலியப் படம் 'கனிபல் ஹோலோகாஸ்ட்' வேறொரு பாடம். அதில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 16 மி.மீ. சுருள்களில் வேண்டுமென்றே கீறல் போட்டிருக்கிறார்கள். புதுப்பிக்கிறேன் என்று யாராவது அந்தக் கீறல்களைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் அது சேவை இல்லை, சேதம்.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

இது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. ஒரு டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று உலகத்தை மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். டிவிடிக்கு இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம், ப்ளூ-ரேக்கு 'சி'. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, 'ஏ'. அமெரிக்கா, கனடாவுக்கு 1, 'ஏ'. பிரிட்டனுக்கு 2, 'பி'. 4கே டிஸ்க்குக்கு மட்டும் மண்டலப் பூட்டு கிடையாது. நான் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு டிஸ்க்கை வரவழைத்து, சுங்க வரியும் கட்டி, ஆசையாகப் போட்டால் 'இந்த மண்டலத்தில் இயங்காது' என்று பிளேயர் கைவிரித்துவிட்டது. விற்றவர் பக்கத்தில் மண்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே மண்டலத்தைச் சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் டொராண்டோவில் இருப்பவரும் ஒரே விமர்சனத்தைப் படிக்கிறார்கள்.

அப்புறம் ஓடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் பிளேயர் காட்டுவதை எழுதுங்கள். ஐரோப்பாவில் வந்த, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடி வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும். 24 ஃபிரேம் படத்தை அதில் போடும்போது பெரும்பாலும் வேகத்தைக் கூட்டித்தான் போடுவார்கள். 81 நிமிடப் படம் சுமார் 78 நிமிடத்தில் முடிந்துவிடும். "மூன்று நிமிடம் வெட்டிவிட்டார்கள்" என்று அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம்.

உண்மையிலேயே வெட்டப்பட்டவையும் உண்டு. 'கனிபல் ஹோலோகாஸ்ட்' படத்தில் விலங்குகளை நிஜமாகவே கொன்றிருக்கிறார்கள். அதனால் நாட்டுக்கு நாடு வெட்டு மாறும். அந்தக் காட்சிகளைத் தவிர்த்துப் பார்க்க வழிசெய்யும் டிஸ்க்குகளும் வந்திருக்கின்றன. 'பேராநார்மல் ஆக்டிவிட்டி'யில் பிரச்சினை வேறு: தியேட்டரில் ஓடிய முடிவு ஒன்று, டிஸ்க்கில் கூடுதலாகக் கிடைத்த முடிவு இன்னொன்று. ஒரே படத்தைப் பார்த்த இரண்டு நண்பர்கள் முடிவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வதற்கு இது ஒரு காரணம். எந்த முடிவு எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று சொல்லுங்கள், முடிவு என்ன என்று சொல்லாதீர்கள்.

டிவியை அடக்குங்கள்

கடையில் வாங்கி வந்த நாளிலிருந்து அமைப்பை மாற்றாத டிவியில் பார்த்து விமர்சனம் எழுதக் கூடாது. அசைவை வழவழப்பாக்கும் வசதி, படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் வசதி, ஷார்ப்னெஸ், 'விவிட்' நிறம் எல்லாவற்றையும் அணையுங்கள். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரணப் படத்துக்கே இது நல்லது. இந்த வகைப் படத்துக்குக் கட்டாயம். ஏனென்றால், வீடியோ நாடாவின் அசைவும் பிலிமின் அசைவும் வேறாகத் தெரிவதுதான் பிளேர் விட்ச்சின் உயிர். டிவி இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் நீங்கள் டிஸ்க்கையே பார்க்கவில்லை, டிவிக்காரர் செய்த சமையலைப் பார்க்கிறீர்கள்.

முதல் தடவை சும்மா பாருங்கள்

தாள், பேனா, போன் எதுவும் வேண்டாம். ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, நிறுத்தாமல் பாருங்கள். பயமாக இருந்ததா இல்லையா என்பதை மட்டும் கடைசியில் இரண்டு வரி எழுதிவையுங்கள். தொழில்நுட்பம் பேசுபவர்கள் பலரும் இந்த இரண்டு வரியை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் தடவை: கண்ணுக்கு

நாடாவின் குறை எப்படி இருக்கும் என்று பழக உங்கள் வீட்டிலேயே பாடப்புத்தகம் இருக்கலாம். தொண்ணூறுகளில் எடுத்த கல்யாணக் கேசட்டை, அல்லது அதிலிருந்து சிடிக்கு மாற்றியதை, ஒருமுறை போட்டுப் பாருங்கள். எங்கள் அக்கா கல்யாணக் கேசட்டில் கூறைப்புடவையின் சிவப்பு புடவைக்குள் நிற்காது, பக்கத்தில் நிற்கும் மாமாவின் சட்டை வரை கசியும். இடையிடையே வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று ஓடி மறையும். சட்டகத்தின் அடிவிளிம்பில் ஒரு மெல்லிய பட்டை எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும். லைட் பாய் விளக்கைத் திருப்பிய இடத்தில் எல்லா முகமும் வெள்ளையாகப் பூத்துவிடும். ஹை-8 இதைவிடத் தரம் கூடியதுதான், ஆனாலும் குறைகள் ஒரே குடும்பம். இவை தெரிந்தால் அது நாடாவின் குணம். டிஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள்.

டிஸ்க்கின் குறை வேறு மாதிரி இருக்கும். காட்சியை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். நாடாவின் இரைச்சல் கிடைமட்டக் கீற்றாக, ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறி நடுங்கும். டிஸ்க்கின் இடத்துக்குள் படத்தைச் சுருக்கி அடக்கும்போது உண்டாகும் குறை சின்னச் சின்னச் சதுரமாக, அசையாத கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். டார்ச் வெளிச்சம் இருட்டில் கரையும் விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் சதுரங்கள் முதலில் முளைக்கும். வெளிச்சம் மெல்லக் குறைய வேண்டிய இடத்தில் வளையம் வளையமாகப் படிக்கட்டு தெரிந்தால் அதுவும் டிஸ்க்கின் கணக்கில்தான் சேரும்.

காடு ஏன் கடினம் என்று தெரிந்துகொண்டால் எங்கே நிறுத்திப் பார்ப்பது என்று புரியும். படத்தை அடக்கும் மென்பொருள், முன் ஃபிரேமில் இருந்ததே இந்த ஃபிரேமிலும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேலை செய்கிறது. ஓடிக்கொண்டே எடுத்த காட்சியில், லட்சம் இலைகள் ஆடும்போது, எதுவுமே அப்படியே இருப்பதில்லை. அந்த இடத்தில் இடமும் வேகமும் நிறையத் தேவை. டிவிடியில் படத்துக்கு அதிகபட்சம் வினாடிக்கு 9.8 மெகாபிட். ப்ளூ-ரேயில் 40. இரண்டு அடுக்கு ப்ளூ-ரேயின் 50 ஜிபியில் 81 நிமிடப் படத்துக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. அப்படியும் இலைகள் பாசியாகக் குழம்பினால், ஒற்றை அடுக்கு 25 ஜிபியில் கூடுதல் சமாச்சாரங்களையும் சேர்த்துத் திணித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று சீப்புப் பல். கேமரா பக்கவாட்டில் சடாரென்று திரும்பும் ஃபிரேமில் நிறுத்தினால், மரத்தின் விளிம்பு சீப்பு மாதிரி பல் பல்லாகத் தெரியலாம். ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் சரியாகச் சேராததன் அடையாளம் அது. இதை டிஸ்க்கின் தவறு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சேர்க்கும் வேலையைப் பிளேயரோ டிவியோ கூடச் செய்யலாம். வேறொரு பிளேயரிலோ கணினியிலோ அதே ஃபிரேமைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

16 மி.மீ. பகுதிக்குத் துகள்தான் அளவுகோல். உயிரோடு கொதிக்கிற மாதிரி துகள் தெரிய வேண்டும். முகம் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருந்தால், இரைச்சலைத் துடைக்கிறேன் என்று தோலையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் அனுபவத்தில் டிஸ்க் தயாரிப்பவர்கள் செய்யும் தவறுகளில் மன்னிக்கவே முடியாதது இதுதான். சதுரங்களையாவது தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் மறக்கலாம்.

படம் முழுவதையும் இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும். பகல், மாலை, நட்டநடு ராத்திரி என்று மூன்று காட்சி எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் குடைந்தால் போதும்.

காதுக்கு

ஹெட்போனில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை. ஹேண்டிகேமின் சொந்த மைக், சுற்றிலும் அமைதியானால் தானாகவே ஒலியைக் கூட்டிக்கொள்ளும். அதனால் பேச்சு நின்றதும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மெல்ல எழும். கூடாரத்துக்குள் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அந்த உஸ்ஸ்தான் பயத்தையே உண்டாக்குகிறது. பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் திடீரென்று வெறுமை விழுந்தால், யாரோ இரைச்சலைத் துடைத்திருக்கிறார்கள்.

ஆறு பக்கமும் ஒலி என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வரட்டும். ஒரு கேமரா மைக்கில் பதிந்த ஒலி முதுகுக்குப் பின்னாலிருந்து எப்படி வரும்? க்ளோவர்ஃபீல்ட் மாதிரி பிரம்மாண்டப் படம் அந்த நியாயத்தைக் காற்றில் விட்டுவிட்டு வீட்டையே அதிரவைக்கும். அது அந்தப் படத்தின் முடிவு, அங்கே பொருந்துகிறது. காட்டுப் படத்துக்கும் அதையே எதிர்பார்க்காதீர்கள். மூலப் படத்தில் இருந்த ஒலியமைப்பும் டிஸ்க்கில் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதில் ஒரு தடவை கேளுங்கள்.

பிளேர் விட்ச்சின் கடைசி நிமிடங்களில் புதியவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஒருவருடைய கண்வழியே படம் போய்க்கொண்டிருக்கும், அவருடைய அலறலோ தூரத்திலிருந்து கேட்கும். ஒலிச் சேர்க்கை தவறு என்று எழுதத் தோன்றும். தவறில்லை. அவர் கையில் இருப்பது ஒலி பதியாத பிலிம் கேமரா. நாம் கேட்பது முன்னால் போன இன்னொருவர் கையிலிருக்கும் ஹேண்டிகேமின் மைக். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது எனக்கு முதல் தடவையைவிட அதிகமாக உதறியது. டிஸ்க்கில் அந்தத் தூரம் குறைந்து, அலறல் பக்கத்தில் கேட்டால் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள்.

சப்டைட்டிலையும் ஓட்டிப் பாருங்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது யார் பேசுவது என்று புரிகிறதா, திரைக்கு வெளியே கேட்கும் சத்தத்தை முன்கூட்டியே சொல்லிக் கெடுக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

கூடுதல் சமாச்சாரங்கள்

மற்றப் படங்களில் இவை ஊறுகாய். இங்கே சில சமயம் சாப்பாட்டிலேயே சேர்த்தி. பிளேர் விட்ச் வெளியாகும் நேரத்தில், அந்த மந்திரக்காரியின் கதை நிஜம் என்பது போல 'கர்ஸ் ஆஃப் தி பிளேர் விட்ச்' என்ற போலி ஆவணப்படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. நடிகர்களைக் 'காணவில்லை' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 1999-ல் அதை நம்பித்தான் நிறையப் பேர் தியேட்டருக்கு வந்தார்கள். அந்த ஆவணப்படம் டிஸ்க்கில் இருந்தால், படத்துக்கு முன்னால் பார்ப்பதா பின்னால் பார்ப்பதா என்று வாசகருக்கு வழி சொல்லுங்கள். என் யோசனை: முதலில் படம், மறுநாள் ஆவணப்படம், இயக்குநர் கமென்ட்ரி எல்லாவற்றுக்கும் கடைசி. மாற்று முடிவுகளை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் நஷ்டமில்லை.

யார் பேசுகிறார்கள் என்பதோடு யார் பேசவில்லை என்றும் கவனியுங்கள். தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்து, கேமராவும் பிடித்த அந்த மூன்று நடிகர்களும், தங்களுக்குச் சேர வேண்டிய நியாயமான பங்கைக் கேட்டு 2024-ல் படத்தின் உரிமையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். படத்தை எடுத்த கதையைச் சொல்லும் ஒரு டிஸ்க்கில் எடுத்தவர்களின் குரல் இருக்கிறதா என்று கேட்பது விமர்சகரின் வேலைதான்.

எழுத உட்காரும்போது

படத்துக்கு ஒரு கருத்து, டிஸ்க்குக்கு ஒரு கருத்து. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் போடாதீர்கள். ஐந்துக்கு மூன்று என்றால் படம் சுமாரா, டிஸ்க் சுமாரா? மதிப்பெண் போட்டே தீர வேண்டுமென்றால் 'மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா' என்பதற்குப் போடுங்கள். மங்கலான நாடாவை மங்கலாகவே, ஆனால் முழுமையாகக் கொடுத்த டிஸ்க்குக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கத் தயங்க வேண்டாம்.

எந்த டிவி, எந்தப் பிளேயர் என்று ஒரு வரி. டிஸ்க்கை நீங்கள் வாங்கினீர்களா, நிறுவனம் இலவசமாக அனுப்பியதா என்று ஒரு வரி. டிவி திரையை போனில் படமெடுத்துப் போடாதீர்கள். போன் கேமரா இருட்டைத் தன் இஷ்டத்துக்கு வெளுத்துவிடும். கணினியில் நேரடியாக எடுத்த ஃபிரேமைப் போடுங்கள், கூடவே நேரத்தையும் போடுங்கள். ஆனால் கடைசி இருபது நிமிடத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள், முடிவு தெரிந்துவிடும்.

ஏற்கெனவே பழைய பதிப்பு வைத்திருப்பவர் புதியதற்குக் காசு செலவழிக்கலாமா என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பத்தியைத் தேடித்தான் வருகிறார்கள். அட்டைப்பெட்டி, புத்தகம், போஸ்ட்கார்டு எல்லாம் அதற்குப் பிறகு.

தவறாக எழுதிவிட்டால் அழித்துவிடாமல் தேதி போட்டுத் திருத்துங்கள். நானும் அந்த முதல் விமர்சனத்துக்குத் திரும்பப் போனேன். கறுப்புப் பட்டை வரியை அடித்து, 35 மி.மீ. விவகாரத்தை விளக்கி இரண்டு பத்தி சேர்த்தேன். அந்த வாசகருக்கும் தகவல் சொல்லி மடல் போட்டேன். இந்த முறையும் ஒரே வரிதான் வந்தது: "எல்லாம் சரி தம்பி, படம் பயமாக இருந்ததா இல்லையா, அதை இன்னும் எழுதவில்லையே?"